கண்டிச் சாலை: பெயர் எழுதப்படாத கால்நடை

சித்திரை மாதம் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் நின்றிருக்கிறீர்களா? நான் வருடா வருடம் நிற்கிறேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். என் வேலை இந்தப் பக்கம், கூட்டமும் இந்தப் பக்கம், அவ்வளவுதான். அழகர்கோயிலிலிருந்து தல்லாகுளம் பெருமாள் கோயில் வரை இருபது கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்தைக் கடக்க அழகருக்கு ஒரு இரவும் ஒரு பகலும் பிடிக்கிறது. வழியெங்கும் மண்டகப்படி. நூறு அடிக்கு ஒரு பந்தல், தண்ணீர், பானகம், விசிறி. கூட நடக்கிற ஜனங்களுக்கும் நீர்மோர் கிடைக்கும். ஒரு சாலையில் நடப்பவரை ஒரு ஊர் எப்படியெல்லாம் கவனிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதே தல்லாகுளத்திலிருந்து வைகையைத் தாண்டினால் தென்கிழக்கே இராமநாதபுரம் சாலை. மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், மண்டபம். 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சாலையில் இன்னொரு கூட்டம் நடந்தது. அவர்களுக்கு யாரும் பந்தல் போடவில்லை. மதுரை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து கிளம்பி, கடற்கரை வரை நடந்து, தோணியில் கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து இன்னும் சுமார் 150 மைல் காட்டுக்குள் நடந்து கண்டிச்சீமைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வருவதற்கு முன் வைகையையும் மணலில் இறங்கித்தான் கடக்க வேண்டும். அழகர் இறங்குகிற அதே மணல்.

கைபேசியில் தல்லாகுளத்திலிருந்து மண்டபத்துக்கு நடைவழி போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் காட்டும். நடக்கும் நேரத்தையும் காட்டும். குடிதண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தக் கிணற்றில் உங்களை இறைக்க விடுவார்கள் என்பதைக் காட்டாது.

யார் இவர்கள்? அன்றைய ஆவணங்கள் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று எழுதிவைத்த நம் மக்கள்தான் இவர்களில் பெரும்பங்கு. நிலமிழந்த பிற சாதியினரும் உண்டு. ஆனால் கூட்டத்தின் உடம்பு சேரியிலிருந்து வந்தது. கூட்டிப் போன கங்காணிகளில் பலர் சாதி இந்துக்கள். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் யார் முன்னால் நடந்தார், யார் பின்னால் நடந்தார், யார் கையில் பணப்பை இருந்தது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1830களின் இறுதியிலிருந்து இலங்கை மலைநாட்டில் காப்பி விரிந்தது. சிங்களக் குடியானவர்கள் தோட்டக் கூலிக்கு நிலையாக வர மறுத்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாக வயல் இருந்தது. துரைமார்களின் கண் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் திரும்பியது. இங்கே சொந்த வயல் இல்லாதவர்கள் ஏராளம். 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமைமுறையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்றது. அடிமையாக வைத்திருப்பதே குற்றம் என்று ஆக்கிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862இல். காகிதத்தில் விடுதலை வந்தாலும் பண்ணையாள், படியாள் என்ற பெயரில் கடன் தொடர்ந்தது. கடனைக் காட்டித்தான் ஆளைக் கட்டிவைத்தார்கள். அந்தக் கட்டிலிருந்து வெளியேற கங்காணி கொடுத்த முன்பணம் ஒரு வழி. ஒரு கடனை இன்னொரு கடனால் அடைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்கள்.

நடப்பதற்கும் காசு பிடித்தார்கள் என்பதை நம் மாணவர்கள் பலர் கவனிப்பதில்லை. வழியில் தின்ற அரிசி, தோணிக் கூலி, போர்த்திய கம்பளி, எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறும். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு நாள்கூட வேலை செய்திருக்க மாட்டார், ஆனால் கடன்காரர் ஆகியிருப்பார். பிற்காலத்தில் இந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டைக் காட்டி ஆளையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றினார்கள். அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல்.

இனி சாலைக்கு வருவோம். மதுரை–இராமேசுவரம் சாலை புதிய சாலை அல்ல. சேது யாத்திரைச் சாலை. காசியிலிருந்து வருகிறவர்களும் அதில்தான் வருவார்கள். அதனால் சத்திரங்கள் நிறைய. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட இராணி மங்கம்மாள் சாலை போட்டார், சத்திரம் கட்டினார், மரம் நட்டார் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. சேதுபதிகளும் கட்டினார்கள். தஞ்சை மராட்டியர்கள் கிழக்குக் கரை வழியில் கட்டினார்கள். தஞ்சை சரபோஜி 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய ஒரு கடிதம், தம் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு போடப்படுவதாகச் சொல்கிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. தலித் வரலாறு எழுதுகிறவர்கள் தங்களுக்கு ஒத்துவராத சான்றைத் தள்ளிவிட்டுப் போனால், நாளை வேறொருவர் அதையே எடுத்து நம் முகத்தில் காட்டுவார்.

சோறு கிடைத்திருக்கலாம். ஆனால் சோறு ஒரு வேளை. தண்ணீர் நாள் முழுக்க வேண்டும். மானாமதுரையைத் தாண்டினால் இராமநாதபுரம் சீமை வறண்ட சீமை. ஆறு ஓடாத காலத்தில் குடிநீர் என்றால் ஊருணி, கிணறு. ஊருணிக்குச் சாதி உண்டு. படிக்கட்டில் கால் வைக்க முடியாத ஒருவர் அந்தச் சீமையைக் குறுக்கே நடந்து கடப்பது எப்படி? யாராவது மேலிருந்து ஊற்றும்வரை கை ஏந்தி நிற்க வேண்டும், அல்லது அந்த ஊர்ச் சேரியைத் தேடிப் போக வேண்டும். சாதி இந்து யாத்திரிகர் ஊர்விட்டு ஊர் நடந்தார், நம் ஆட்கள் சேரிவிட்டுச் சேரி நடந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே சாலையில் இரண்டு வரைபடங்கள். 1927இல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளியதைப் படிக்கும்போது எனக்கு இந்தச் சாலையும் நினைவுக்கு வரும். கிளம்பும்போது மீனாட்சி கோயில் கோபுரம், கடலேறும் முன் இராமேசுவரம் கோபுரம். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்தவர்கள் இவர்கள். மதுரைக் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8இல்.

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று பல துறைகளிலிருந்து தோணி ஏறினார்கள். கடல் தூரம் குறைவு. ஆனால் பாய்மரத் தோணி காற்றை நம்பியது. காற்றில்லாவிட்டால் கரையில் காத்துக்கிடக்க வேண்டும், காத்துக்கிடக்கிற ஒவ்வொரு நாளும் அரிசி தீரும், கணக்கு ஏறும். அந்தப் பக்கம் தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு. அங்கே இறங்கியவுடன் காடு.

இலங்கை என்றதும் நம் மனதில் பச்சை மலை வருகிறது. மன்னாரிலிருந்து மலையடிவாரம் வரை அது வறண்ட வலயம். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த, மாத்தளை என்று இன்றைய வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். பழைய அநுராதபுர அரசின் நாடு அது. ஆயிரக்கணக்கான குளங்களை வெட்டிய நாடு. அரசுகள் தெற்கே நகர்ந்தபின் பல குளங்கள் உடைந்து தூர்ந்துபோய், காடு மூடி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிராமங்கள் மட்டும் எஞ்சியிருந்தன. 'வடக்குச் சாலை' என்று ஆங்கிலேயர் பெயர் வைத்திருந்தாலும் 1840களில் அதன் பெரும்பகுதி காட்டுத் தடம்தான். யானை, சிறுத்தை, கரடி. மரத்துக்கு மரம் கொசு, அதோடு மலேரியா. இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றிப் படுப்பார்கள்.

விலங்குகளைப் பற்றித்தான் கதைகள் அதிகம் பேசும். ஆனால் அதிகம் கொன்றது தண்ணீர்தான். காப்பி பழுத்துப் பறிப்பது ஆண்டின் பிற்பகுதியில். அதற்கு ஆள் சேர வேண்டுமென்றால் ஆடி, ஆவணியை ஒட்டி நடக்க வேண்டும். அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிடும், வடக்குச் சமவெளி காய்ந்து கிடக்கும். குளங்கள் வற்றிச் சேறாகும். யானையும் எருமையும் கலக்கிய அந்தச் சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். பறிப்பு முடிந்து கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பும்போது வடகிழக்குப் பருவமழை. அப்போது அதே தடம் வெள்ளக்காடு, ஆறுகள் குறுக்கே நிற்கும். போகும்போது தாகம், வரும்போது வெள்ளம். தோட்டத்தின் பறிப்புக் காலத்துக்குப் பொருந்தியபடி மனிதர்கள் நடந்தார்கள், மனிதர் நடக்க ஏற்ற காலத்தைத் தோட்டம் பார்க்கவில்லை.

பிறகு காலரா. நெருக்கமாக நடந்து, ஒரே குட்டையில் குடித்து, ஒரே இடத்தில் படுக்கும் கூட்டத்தில் ஒருவருக்கு வந்தால் போதும். அம்மையும் வந்தது. விழுந்தவரைத் தூக்கிச் சுமந்து நடக்க யாருக்கும் தெம்பு இல்லை. கங்காணிக்கு நாள் கடந்தால் நட்டம். விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள் என்பதும், தடத்தின் ஓரம் எலும்புகள் கிடந்தன என்பதும் அந்தக் காலத்து ஐரோப்பியர்களே எழுதிவைத்தவை. தப்பி மாத்தளைக்கு வந்தவர்களுக்கு அடுத்து குளிர். மதுரை வெயிலில் வளர்ந்த, பட்டினியில் வற்றிய உடம்பு. மேலே ஒரு கம்பளி, அதுவும் கடனில்.

எத்தனை பேர் இறந்தார்கள்? 1841 முதல் 70,000 பேர், வந்தவர்களில் கால் பங்கு, மாண்டிருப்பார்கள் என்று கொழும்பு அப்சர்வர் பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. இந்த எண்ணை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். சொல்லும்போது கவனமாகச் சொல்லுங்கள். இது வழியில் இறந்தவர்களை எண்ணிய கணக்கு அல்ல. திரும்பாதவர்களில் தோட்டத்தில் இறந்தவர்கள் உண்டு, அங்கேயே தங்கியவர்கள் உண்டு, வேறு துறை வழியாக வந்தவர்கள் உண்டு. பிற்கால ஆய்வாளர்கள் சிலர் எண்ணைக் குறைத்துச் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, எண் 70,000ஆ, அதில் பாதியா என்பதைவிட, ஏன் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் பெரிய கேள்வி.

பதில் அவர்கள் நடந்தார்கள் என்பதில் இருக்கிறது.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் பட்டியலில் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள தழும்பு வரை. மொரீஷியசில் மோக்கா ஊரிலுள்ள காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. நான்கு தலைமுறைக்குப் பின் அங்கிருந்து ஒருவர் கிளம்பி இங்கே பாட்டனின் ஊரைத் தேடி வந்துவிட முடிகிறது. அந்தப் பட்டியல்கள் அன்பினால் எழுதப்பட்டவை அல்ல. அடிமைமுறையை ஒழித்த பிரிட்டனில் கேள்வி எழுந்தது, ஆகவே கடல் தாண்டிய கூலிக்கு ஒப்பந்தம், பதிவு, கப்பல் மருத்துவர் என்று விதிகள் வந்தன. இலங்கைக்கு மட்டும் 1847இல் விலக்கு. பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரிதானே, எதற்குப் பதிவு என்று தோட்டக்காரர்கள் கேட்டார்கள், அரசும் ஒத்துக்கொண்டது. கப்பல் என்றால் ஏறும்போது எண்ண வேண்டும், இறங்கும்போது எண்ண வேண்டும். நடப்பவரை யார் எண்ணுவது? துறையில் தலைகளை எண்ணினார்கள், பெயரைக் கேட்கவில்லை.

நடையைவிட மலிவான போக்குவரத்து முதலாளிக்குக் கிடையாது. செலவு நடப்பவருடையது, ஆபத்தும் நடப்பவருடையது, இறந்தால் கணக்கும் இல்லை. இது பழங்கதை என்று நினைத்தால் 2020ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்துத் தூங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய தரவு இல்லை என்றது ஒன்றிய அரசு. நானும் அப்போது உணவுப் பொட்டலம் கட்டிக்கொண்டு நான்குவழிச் சாலை ஓரம் நின்றவன்தான். வாங்கிக்கொண்டு போனவர்களின் பெயரை நானும் எழுதி வைக்கவில்லை. எத்தனை பொட்டலம் என்று மட்டும் எழுதினேன்.

இவ்வளவு சாவு இருந்தும் ஏன் மறுபடி மறுபடி நடந்தார்கள்? ஏமாற்றப்பட்டார்கள் என்பது பாதி உண்மை. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள் என்ற கதை மலையகத்திலும் இங்கும் உண்டு. ஆனால் காப்பிக் காலத்தில் இது ஒரு தடவைப் பயணம் அல்ல. போனவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் மறுபடி போனார்கள். வழியைத் தெரிந்தே போனார்கள். பஞ்சம் தள்ளியது உண்மை. 1876–78 பெரும்பஞ்சத்தில் திரள் திரளாகப் போனார்கள். அதோடு இன்னொன்றும் இருந்தது. அங்கே கூலி காசாகக் கிடைத்தது. ஊரில் படி நெல்லுக்கு ஆண்டையின் களத்தில் கைகட்டி நின்றவர், தன் மடியில் காசோடு திரும்பி வந்தார். தோட்டத்து லயங்களிலும் சாதி பிரித்துத்தான் குடிவைத்தார்கள், கங்காணியின் சாதித் திமிரும் கூடவே வந்தது, அதையெல்லாம் மறக்கவில்லை. ஆனாலும் ஆள் போய்விடுகிறார்கள், வயலுக்கு ஆளில்லை, இருப்பவர்களும் பேச்சுக் கேட்பதில்லை என்று இந்தப் பக்கத்து மிராசுதாரர்கள் புலம்பியிருக்கிறார்கள். அந்தப் புலம்பல் எனக்கு ஒரு நல்ல சான்று. போய்விட முடியும் என்பதே ஊரில் இருந்தவர்களுக்கும் கொஞ்சம் முதுகெலும்பு கொடுத்திருக்கிறது. நம் முன்னோர்களை வெறும் பலியாடுகளாக எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. இந்தச் சாலையில் அது பொருந்தாது. அவர்கள் ஒரு கொடுமையை இன்னொரு கொடுமையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள்.

பின்னாளில் வழியோரம் கிணறு, தங்கும் கொட்டகை, மருத்துவக் கொட்டகை எல்லாம் வந்தன. அதற்குள் பல ஆயிரம் பேர் போய்விட்டிருந்தார்கள். ரயில் வந்தது: மதுரைக்கு 1875, மாத்தளைக்கு 1880. பாம்பன் பாலம் 1914இல் திறந்தபின் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாக ரயிலும் கப்பலுமாகவே போய்விடலாம். மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாம் வைத்து, போகிறவர்களை அடைத்து, மருந்தடித்து, அனுப்பியது. நோயிலிருந்து யாரைக் காப்பாற்ற என்று கேட்காதீர்கள். இன்று ஈழ அகதிகள் இருக்கும் மண்டபம் முகாம் அதே வளாகம்தான்.

சுதந்திர இலங்கை 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு. கேட்காமலேயே பங்கு பிரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தாயகம் திரும்பியோர் என்று முத்திரை குத்தப்பட்டு இராமேசுவரத்தில் இறங்கிய பலருக்கு இறங்கிய மண்ணில் எந்த ஊர் தன் ஊர் என்று சொல்லத் தெரியவில்லை. பாட்டன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லையே, எதை வைத்துத் தேடுவது?

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, அவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தார்கள். ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை. காணி, சம்பளம், சமமான குடியுரிமை என்று கோரிக்கைகளோடு நடந்தார்கள். வழியில் சிங்களரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்து வரவேற்ற படங்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் மண்டகப்படி நினைவுதான் வந்தது.

கடைசியாக ஒன்று. மேலூர்ப் பக்கம் ஒரு காலனியில் முதியோர் உதவித்தொகை மனு எழுதிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு அம்மாச்சி, பக்கத்து வீட்டைக் காட்டி "அது கண்டிக்காரக வீடு தம்பி" என்றது. அந்த வீட்டில் இப்போது யாரும் கண்டியைப் பார்த்தவர்கள் இல்லை. அம்மாச்சிக்கும் அது வழியில் உறவு. அதன் பாட்டனோடு பிறந்தவர் ஒருவர் நடந்து போனார், வரவில்லை. திரும்பி வந்த பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள், ஆகவே அது தெரியும். போனவருக்குப் பிள்ளை இல்லை.

"அவரு பேரு என்ன அம்மாச்சி?"

"யாருக்குத் தெரியும்? நடந்து போனவரும்பாக, அம்புட்டுத்தான்."

அன்றிலிருந்து நானும் கூட வேலை பார்க்கும் இரண்டு தோழர்களும் போகிற ஊர்களில் இதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் 'கண்டி' என்ற சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், வீட்டுப் பெயரிலோ, பட்டப்பெயரிலோ, ஒப்பாரியிலோ, இருக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தத் துறையில் தோணி ஏறினார்கள், கங்காணி எந்த ஊர், எந்தச் சாதி, வழியில் எங்கே படுத்தார்கள், எந்தக் கிணற்றில் குடித்தார்கள், யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் ஊரையும் முறையையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் இதுவரை பெயரோடு இருப்பதைவிட 'பாட்டனோடு பிறந்தவர்', 'பெரியாத்தா வீட்டுக்காரர்', 'மூத்தவர்' என்று இருப்பதுதான் அதிகம்.